தோட்டத்தின் கோடியையும் எட்டும் இணையத்தளம்

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வெளியாகும் நாளின் பரபரப்பை அறியாத குடும்பம் நம் மத்தியில் இல்லை எனலாம். பசறையிலும் லுணுகலையிலும், மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும், பிள்ளையின் சுட்டெண்ணைத் தாளில் குறித்துக்கொண்டு, கைத்தொலைபேசிக்குச் சமிக்ஞை கிடைக்கும் மேட்டை நாடிச் செல்லும் பெற்றோர் எத்தனை பேர்! முன்னாட்களில் பாடசாலை அதிபரின் கைக்கு வந்து சேரும்வரை காத்திருந்த பெறுபேறு, இன்று பரீட்சைத் திணைக்களத்தின் இணையத்தளத்திலே வெளியாகின்றது. பல்கலைக்கழக அனுமதி, அரச தொழில் விளம்பரம், விண்ணப்பப் படிவம், மண்சரிவு எச்சரிக்கை ஆகியனவும் அவ்வாறே.

எனவே, இணையத்தளம் என்பது இனிமேல் நகரத்தாரின் பொழுதுபோக்கு அன்று. அது ஒரு வாசல். அந்த வாசல் விரைவாகத் திறக்குமா, தாமதித்துத் திறக்குமா, நெரிசலில் அடைபட்டுவிடுமா என்பது நம் பிள்ளைகளின் படிப்பையும், சில வேளைகளில் நம் உயிரையுமே பாதிக்கும் காரியமாகிவிட்டது. பெரிய நிறுவனங்களின் இணையத்தளங்கள் எவ்வாறு அமைக்கப்படுகின்றன, அவற்றில் சில ஏன் விரைவாகவும் சில ஏன் ஆமை வேகத்திலும் இயங்குகின்றன என்பதை இப்பாடத்தில் படிப்படியாக ஆராய்வோம். கணினித் துறையில் காலெடுத்து வைக்கும் நம் இளைஞருக்கு இது தொழிலறிவாகவும், மற்றையோருக்குப் பொதுஅறிவாகவும் பயன்படும்.

பாடத்தின் சாரத்தை முதலிலேயே கூறிவிடலாம். ஓர் இணையத்தளத்தின் தரத்தை அந்நிறுவனத்தின் தலைமை அலுவலக மேசையிலிருந்து அளத்தல் கூடாது. மிக நெரிசலான நாளில், மிகத் தொலைவில் இருப்பவரின் மலிவான கைத்தொலைபேசியிலிருந்தே அதனை அளத்தல் வேண்டும்.

பலர் கூடி இழுக்கும் தேர்

உலகளாவிய வலை என்ற அமைப்பை 1989இல் சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய டிம் பேர்னர்ஸ் லீ முன்மொழிந்தார். 1993 ஏப்ரல் 30ஆம் திகதி அந்நிலையம் இதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தது. தொடக்க காலத்தில் ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே கையால் எழுதப்பட்டது. ஐந்நூறு பக்கங்கள் கொண்ட ஒரு தளத்தில் அலுவலகத் தொலைபேசி இலக்கம் மாறினால், ஐந்நூறு பக்கங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து திருத்த வேண்டியிருந்தது. அதனைச் செய்யத் தெரிந்தவரோ ஒருவர் அல்லது இருவர். அவர்கள் விடுமுறையில் சென்றால் தளமும் விடுமுறையில் சென்றுவிடும்.

இக்குறையைப் போக்க வந்ததே உள்ளடக்க முகாமைத்துவ முறைமை. பெயர் நீளமானாலும் கருத்து எளிது. எழுத்தும் படமும் ஒருபுறம் தரவுத்தளத்தில் வைக்கப்படும். பக்கத்தின் தோற்றம், அதாவது தலைப்பு எங்கே, பட்டியல் எங்கே, நிறம் என்ன என்பன, மறுபுறம் அச்சாக வைக்கப்படும். ஒருவர் பக்கத்தைக் கேட்கும்போது முறைமை இரண்டையும் இணைத்துக் கொடுக்கும். தொலைபேசி இலக்கத்தை ஓரிடத்தில் மாற்றினால் எல்லாப் பக்கங்களிலும் அது மாறிவிடும். கணினி மொழி அறியாத எழுதுநரும் கடிதம் எழுதுவதுபோல் செய்தியைத் தட்டெழுதி வெளியிடலாம்.

இவ்வகை மென்பொருள்களுள் மூன்று பெரிதும் அறியப்பட்டவை. பெல்ஜியத்தில் மாணவராயிருந்த ட்ரீஸ் பைற்றார்ட் தொடங்கிய ட்ரூப்பல் 2001இல் வெளியாயிற்று. வேர்ட்பிரஸ் 2003இல் பிறந்தது. இன்று உலகின் இணையத்தளங்களில் ஐந்தில் இரண்டுக்கு மேற்பட்டவை இதன்மீதே நிற்கின்றன. மூன்றாவதான ஜூம்லா 2005இல் உருவாயிற்று. இச்சொல் சுவாகிலி மொழியில் ‘எல்லோரும் ஒன்றாக’ எனப் பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. நம் நாட்டின் அரச இணையத்தளங்கள் பலவும் ஜூம்லாவைக் கொண்டு அமைக்கப்பட்டவையே. இம்மூன்றும் விலையின்றிக் கிடைப்பவை. எனினும், விலையில்லாத மென்பொருள் என்பதற்காகப் பராமரிப்பும் விலையில்லாதது என்று எண்ணிவிடலாகாது.

பெரிய நிறுவனத்துக்கு இம்முறைமை தரும் மிகப் பெரிய நன்மை பொறுப்புகளைப் பகிர்ந்தளிக்க முடிவதாகும். ஒருவர் எழுதுவார், மற்றொருவர் மொழிபெயர்ப்பார், வேறொருவர் சரிபார்ப்பார், அதிகாரம் பெற்றவர் வெளியிடுவார். எவரெவர் எதைச் செய்யலாம் என்பதற்கு முறைமையே கதவும் பூட்டும் வைத்திருக்கும். ஊர் கூடித் தேர் இழுப்பதுபோன்ற காரியம் இது. வடத்தைப் பலர் பிடிக்கலாம். ஆனால் முட்டுக்கட்டை போடுபவர் தம் வேலையை அறிந்திருக்க வேண்டும்.

வத்திக்கானின் இணையத்தளம் 1995ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் தொடங்கப்பட்டது. அதன் முதல் சேவையகக் கணினிகளுக்கு மிக்கேல், கபிரியேல், இரபாயேல் ஆகிய அதிதூதர்களின் பெயர்கள் சூட்டப்பட்டதை நம் வாசகர் கேட்டு மகிழ்வர். இன்று வத்திக்கான் செய்திச் சேவை தமிழ் உட்பட ஐம்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் வெளியாகின்றது. இத்தனை மொழிகளில், இத்தனை பேர், நாள்தோறும் எழுதும் ஒரு தளத்தைத் தனித்தனிப் பக்கங்களாகக் கையால் எழுதி நடத்த இயலுமா? இயலாது. பெரிய நிறுவனத்துக்கு இம்முறைமை ஆடம்பரம் அன்று, தேவை என்பது இதனால் விளங்கும்.

தாமதம் எங்கே பிறக்கின்றது?

நன்மை உள்ள இடத்தில் செலவும் உண்டு. கையால் எழுதிய பக்கம் ஆயத்தமாக இருக்கும். கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கலாம். முறைமையோ, ஒவ்வொருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்தைத் தேடி, அச்சில் பொருத்தி, புதிதாக ஒரு பக்கத்தைச் சமைத்துக் கொடுக்கின்றது. பத்துப்பேர் கேட்டால் குறை தெரியாது. பத்தாயிரம் பேர் ஒரே நிமிடத்தில் கேட்டால்?

கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். மலையெங்கும் பரந்து கொய்த பெண்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் கூடையுடன் வந்து நிற்கின்றனர். தராசு ஒன்று, கணக்கெழுதுபவர் ஒருவர். ஒவ்வொருவருக்கும் ஆகும் நேரம் சிறிதே. ஆயினும் வரிசையின் கடைசியில் நிற்பவர் நெடுநேரம் காத்திருக்கின்றார். தராசில் குறையில்லை, எல்லோரும் ஒன்றாக வந்ததே காரணம். சேவையகத்தின் நிலையும் இதுதான். சாதாரண நாளில் நன்றாக இயங்கும் தளம் பெறுபேற்று நாளில் திணறுவது இதனாலேயே.

இரண்டாவது காரணம் தூரம். நீங்கள் கேட்கும் பக்கம் கொழும்பிலுள்ள கணினியில் இருக்கலாம், அமெரிக்காவிலும் இருக்கலாம். அமெரிக்காவரை கேள்வி சென்று விடை திரும்பக் கிட்டத்தட்டக் கால் நொடி ஆகும். கால் நொடி பெரிதா என்று கேட்பீர்கள். ஒரு பக்கம் என்பது ஒரே பொருள் அன்று. அதில் படங்கள், எழுத்துருக்கள், சிறு நிரல்கள் என அறுபது எழுபது துண்டுகள் இருக்கக்கூடும். ஒரு தாய் மா வாங்கப் பதுளை நகருக்குச் சென்று தோட்டத்துக்குத் திரும்பி, பிறகு பருப்பு வாங்க மறுபடியும் சென்று, உப்புக்காக மூன்றாம் முறையும் சென்றால் எப்படியிருக்கும்? உலாவி ஒரே நேரத்தில் சிலவற்றைச் சேர்த்துக் கேட்கும் என்பது உண்மையே. எனினும், துண்டுகள் கூடக் கூடப் பயணங்களும் கூடும். புத்தியுள்ள தாய் எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் எழுதிக்கொண்டு ஒரே முறை செல்வாள்.

மூன்றாவது காரணம் பாரம். இரண்டாயிரத்து ஐந்நூறு சொற்கள் கொண்ட ஒரு தமிழ்க் கட்டுரை கணினியில் பிடிக்கும் இடம் ஏறக்குறைய 70 கிலோபைற்று. கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு படமோ 4 மெகாபைற்று வரை இருக்கலாம். அதாவது, சுருக்காமல் போட்ட ஒரே படம் ஐம்பதுக்கு மேற்பட்ட கட்டுரைகளின் பாரத்துக்குச் சமம்! நொடிக்கு 1 மெகாபிற்று வேகமே கிடைக்கும் மலைச்சரிவில் அந்த ஒரு படம் வந்து சேர 32 நொடி ஆகும். அதையே 100 கிலோபைற்றாகச் சுருக்கினால் ஒரு நொடிக்குள் வந்துவிடும். சிறிய திரையில் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வேற்றுமை தெரியாது. ஆனால் தரவு அட்டைக்குக் காசு கொடுத்தவரின் பைக்கு வேற்றுமை தெரியும்.

பானையில் ஆயத்தமாகும் தேநீர்

நோயை அறிந்தோம், மருந்தைக் காண்போம். முதல் மருந்து பதுக்கு நினைவகம். பாடசாலைத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் பிள்ளைகள் இச்சொல்லைப் படித்திருப்பார்கள்.

கலியாண வீட்டில் வருபவர் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து பிளேன்ரீ ஊற்றுவதில்லை. பெரிய பானையில் ஒரே தடவையில் ஆயத்தம் செய்து, வருபவருக்கு ஊற்றிக் கொடுக்கின்றோம். இணையத்தளத்திலும் அப்படியே. ஒருவருக்காக ஒரு முறை சமைத்த பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அடுத்த பத்தாயிரம் பேருக்கும் அதையே வழங்கலாம். செய்தி மாறினால் மாத்திரம் புதிய பானை வைத்தாற் போதும்.

இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 2025 மார்ச்சில் நடைபெற்ற க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு நான்கு இலட்சத்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பித்திருந்தனர். பெறுபேறு வெளியாகி முதல் ஒரு மணித்தியாலத்தில் ஒவ்வொருவரும் மும்முறை முயல்வதாக எடுத்துக்கொள்வோம். மொத்தம் பதினான்கு இலட்சம் கேள்விகள். மணிக்கு 3,600 நொடிகளாதலால், நொடிக்கு ஏறக்குறைய 390 கேள்விகள். ஒவ்வொரு பக்கமும் நாற்பது துண்டுகள் கொண்டதானால், நொடிக்குப் பதினையாயிரத்துக்கு மேல்! பக்கத்தை ஒரே துண்டாக அமைத்தால் மீண்டும் 390தான்.

இனி, மற்றொன்றைச் சிந்தியுங்கள். ஒரு சுட்டெண்ணுக்குரிய பெறுபேறு இன்று காலை ஒன்றும் மாலை ஒன்றுமாக இருப்பதில்லை. அவ்வாறிருக்க, ஒவ்வொருவர் கேட்கும்போதும் தரவுத்தளத்தைத் தேடிச் சமைப்பானேன்? முந்தைய இரவே ஒவ்வொரு பெறுபேற்றையும் ஒரு சிறு பக்கமாக ஆயத்தம் செய்து வைக்கலாம். ஒன்று 2 கிலோபைற்று எனக் கொண்டால், நான்கு இலட்சத்து எழுபதாயிரம் பக்கங்களும் சேர்ந்து ஒரு கிகாபைற்றுக்குள் அடங்கிவிடும். சட்டைப்பையில் போடும் நினைவகக் குச்சியிலேயே நாடு முழுவதன் பெறுபேறும் அடங்கும்! ஆயத்தமாயுள்ள சிறு பக்கங்களை ஒரு சாதாரண சேவையகமே நொடிக்கு ஆயிரக்கணக்கில் வழங்க வல்லது. ஆகவே நெரிசலை வெல்வதற்கு எப்பொழுதும் பெரிய இயந்திரம் தேவையில்லை, முன்யோசனையே தேவை. இணையத்தோடு குறுஞ்செய்தி மூலமும் பெறுபேறு பெற நம் நாட்டில் வழி செய்யப்பட்டிருப்பது நல்ல ஏற்பாடு. ஒரு வாசலில் கூட்டம் மிகும்போது மறு வாசலும் திறந்திருக்க வேண்டும்.

பணம் மாத்திரம் இதற்குப் போதாது என்பதற்கு அமெரிக்காவே சாட்சி. மருத்துவக் காப்புறுதி பெறுவதற்காக அந்நாட்டு அரசு பெருஞ்செலவில் அமைத்த இணையத்தளம் 2013 ஒக்டோபர் 1ஆம் திகதி திறக்கப்பட்டது. மக்கள் வெள்ளமெனத் திரண்டனர், தளம் திணறிற்று. முதல் நாளில் விண்ணப்பத்தை முற்றுமுழுதாகப் பூர்த்தி செய்ய முடிந்தவர்கள் ஆறே பேர். திறப்பதற்கு முன் போதிய அளவு சோதித்துப் பாராதது முக்கிய காரணங்களுள் ஒன்று. அதன்பின் வல்லுநர் குழுவொன்று இரவு பகலாகப் பழுதுகளைத் தேடித் திருத்தியது. இரண்டு மாதங்களில், ஒரே நேரத்தில் ஐம்பதாயிரம் பேரைத் தாங்கும் நிலைக்குத் தளம் வந்ததென அரசு அறிவித்தது. பாலம் கட்டியவர் அதன்மீது பாரவண்டியை ஓட்டிச் சோதித்த பின்னரே மக்களை விடுவர். இணையத்தளத்துக்கும் அந்த நியதி பொருந்தும். பொய்யான கேள்விகளை ஆயிரக்கணக்கில் அனுப்பித் தளத்தின் வலிமையைச் சோதிக்கும் மென்பொருள்கள் உண்டு. திறப்பு விழாவுக்கு முன் அவற்றைப் பயன்படுத்துதல் அவசியம்.

தூரத்துக்கும் மருந்துண்டு. பெரிய வியாபார நிறுவனம் ஊர்தோறும் கிளை திறந்து பொருளை இருப்பு வைப்பதுபோல், பக்கங்களின் பிரதிகளை உலகின் பல நகரங்களிலுள்ள கணினிகளில் இருப்பு வைக்கும் சேவைகள் உள்ளன. கேட்பவருக்கு அண்மையிலுள்ள கணினி விடை கொடுக்கும். பதுளையிலிருந்து கேட்பவரின் கேள்வி கடல் கடக்க வேண்டியதில்லை.

தமிழில் வந்தால் அல்லவா நமக்குப் பயன்?

விரைவு என்பது நொடிக்கணக்கு மாத்திரம் அன்று. பக்கம் ஒரு நொடியில் திறந்து, அதிலுள்ள மொழி புரியாவிட்டால், அந்தத் தாய்க்கு அது திறக்காத பக்கமே. 1987இல் நிறைவேறிய அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழும் ஓர் அரசகரும மொழி எனக் கூறுகின்றது. அரச தளங்கள் பலவற்றில் மூன்று மொழிகளுக்கும் பொத்தான்கள் இருப்பதைக் காண்கின்றோம். பொத்தான் இருப்பது வேறு. அதனை அழுத்தினால் செய்தி இருப்பது வேறு.

இதற்கும் முறைமையிலேயே வழி உண்டு. ஓர் அறிவித்தலை மூன்று மொழிகளிலும் பூர்த்தி செய்தாலன்றி வெளியிட முடியாதவாறு முறைமையை அமைக்கலாம். அவசர அறிவித்தல்களுக்கு முன்கூட்டியே மூன்று மொழிகளிலும் வாசகங்களை மொழிபெயர்த்து வைத்து, ஊர்ப்பெயரையும் நேரத்தையும் மாத்திரம் நிரப்பும்படி செய்யலாம். அவ்வாறு செய்தால், மொழிபெயர்ப்பாளர் வரும்வரை எச்சரிக்கை காத்துக்கிடக்க நேராது.

தமிழ் எழுத்தைப் பற்றியும் ஒரு சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றும், தேடினாலும் அகப்படாது. யுனிகோட் முறையில் எழுதியதோ எக்கருவியிலும் தமிழாகவே தோன்றும். யுனிகோட்டில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் பொதுவாக மூன்று பைற்று இடம் பிடிக்கும். ஆங்கில எழுத்து ஒன்று பிடிப்பது ஒரு பைற்றே. ஆயினும் அஞ்ச வேண்டியதில்லை. சேவையகத்தில் சுருக்கி அனுப்பும் வசதியை இயக்கினால் எழுத்தின் பாரம் பல மடங்கு குறைந்துவிடும். அழகுக்காகப் பெரிய தமிழ் எழுத்துருக்களை வாசகரின் கருவிக்கு ஏற்றாமல், கைத்தொலைபேசியில் ஏற்கெனவே உள்ள தமிழ் எழுத்துருவையே பயன்படுத்தினால் இன்னும் நன்று.

சுற்றறிக்கையை வருடிப் படமாகப் போடும் வழக்கமும் கைவிடப்பட வேண்டியது. படத்திலுள்ள எழுத்தைத் தேட முடியாது. சிறிய திரையில் வாசிக்கவும் முடியாது. பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் மென்பொருளுக்கும் அது விளங்காது. எழுத்தாகப் போட்டால் எல்லார்க்கும் நன்மை.

பூட்டும் சாவியும்

விரைவான வாசலுக்கு உறுதியான பூட்டும் வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே மூன்று பாடங்கள் உண்டு.

2021 பெப்ரவரி 6ஆம் திகதி, டொட் எல்கே என முடியும் இலங்கை இணைய முகவரிகள் சிலவற்றை நாடியவர்கள் வேறொரு பக்கத்துக்குத் திருப்பப்பட்டனர். அப்பக்கத்தில் தேயிலைத் தொழில்துறையின் பிரச்சினைகள் உட்படப் பல சமூகக் குறைகள் எழுதப்பட்டிருந்தன. கூறிய குறைகள் எவையாயினும், அடுத்தவர் வீட்டு வாசற்பலகையைத் திருப்பி வைப்பது முறையன்று. ஆனால் தளத்தைக் காப்பதோடு அதன் முகவரியையும் காக்க வேண்டும் என்பதை அன்று நாடு கற்றது.

2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரச கணினி மேகத்தை ஒரு கப்பங்கோரும் மென்பொருள் தாக்கியது. சுமார் ஐயாயிரம் அரச மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் திரும்பக் கிடைக்கவில்லை. அக்காலத்துக்குரிய, வலையமைப்புக்கு வெளியே வைத்த காப்புப் பிரதி இருக்கவில்லை. பயன்பாட்டிலிருந்த மென்பொருளும் காலம் கடந்த பதிப்பாகும்.

2024 ஏப்ரலில் கல்வியமைச்சின் இணையத்தளத்துள் ஒருவர் ஊடுருவித் தம்மை உயர்தர மாணவர் எனக் கூறிக்கொண்டு, பாதுகாப்பைச் சீர்செய்யுமாறு செய்தி விட்டுச் சென்றார்.

இம்மூன்றிலிருந்தும் பெறும் படிப்பினை யாது? மென்பொருளை உரிய காலத்தில் புதுப்பித்தல் வேண்டும். முறைமையில் சேர்க்கும் துணைநிரல்களைத் தேவைக்கு மேல் சேர்க்கலாகாது. ஒவ்வொன்றும் வீட்டுக்கு வைக்கும் மேலதிகக் கதவு போன்றது, பாரத்தையும் கூட்டும். கடவுச்சொல்லை அலுவலகத்தில் எல்லாரும் பகிர்ந்துகொள்ளலாகாது. வேலையை விட்டுச் சென்றவரின் அனுமதியை அன்றே நீக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, காப்புப் பிரதியொன்றை வலையமைப்புக்கு வெளியே, வேறிடத்தில் வைத்து, அதிலிருந்து தளத்தை மீட்க முடிகின்றதா என்று இடைக்கிடை செய்து பார்க்கவும் வேண்டும். மீட்டுப் பாராத பிரதி, திறந்து பாராத உண்டியல் போன்றது. உள்ளே என்ன உண்டென்று எவர் அறிவார்?

உயிர் காக்கும் செய்தி

இவற்றையெல்லாம் நாம் ஏன் இவ்வளவு விரிவாகக் கூறவேண்டும்? ஊவா மலைகளில் வாழும் நமக்கு இது வெறும் கல்விச் செய்தி அன்று. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயன் வீடுகளை மூடியதை எவர் மறப்பர்? 2025 நவம்பர் இறுதியில் திட்வா சூறாவளி வந்தபோது பதுளை மாவட்டத்தின் மண்சரிவுகளில் மீண்டும் பலர் மாண்டனர்.

மண்சரிவு எச்சரிக்கைகளைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று படிகளாக வெளியிடுகின்றது. மஞ்சள் நிறம் விழிப்பாயிருக்கச் சொல்கின்றது. செம்மஞ்சள் ஆயத்தமாகச் சொல்கின்றது. சிவப்பு வெளியேறச் சொல்கின்றது. இத்தகைய எச்சரிக்கை வெளியாகும் இரவு எப்படிப்பட்டது? மழை பெய்கின்றது, மின்சாரம் நின்றுவிட்டது, கைத்தொலைபேசியின் மின்கலத்தில் எஞ்சியிருப்பது சிறிதே, சமிக்ஞை பலவீனம், நாடு முழுவதும் அதே தளத்தை நாடுகின்றது. அந்த வேளையில் அமைச்சரின் பெரிய படமும், ஓடும் எழுத்துகளும், அசையும் அலங்காரங்களும் யாருக்கு வேண்டும்? ‘பசறைப் பிரதேசம், சிவப்பு, உடனே வெளியேறவும்’ என்ற ஒரு வரி தமிழில், சில கிலோபைற்றில் வந்து சேர்ந்தாற் போதுமே! இத்தகைய தளங்களில் அவசர நாளுக்கென்றே படமில்லாத எளிய முகப்புப் பக்கமொன்றை முன்கூட்டியே ஆயத்தம் செய்து வைத்தல் வேண்டும்.

ஒன்றை நேர்மையாகக் கூறவேண்டும். மீரியபெத்தை மக்கள் அவ்விடத்தை விட்டுப் பெயர வேண்டுமென 2005லும் 2011லும் எச்சரிக்கப்பட்டிருந்ததாக அனர்த்தத்தின் பின் செய்திகள் வெளியாயின. போக இடமில்லாதவனுக்கு எச்சரிக்கை மாத்திரம் என்ன செய்யும்? பாதுகாப்பான காணியும் வீடும் இல்லாதவிடத்து, எத்துணை விரைவான இணையத்தளமும் அக்குறையை நிரப்பாது. ஆயினும், செய்தியே வந்து சேராவிட்டால், தப்பிக்கக்கூடியவரும் தப்பிக்க முடியாமற் போகும். ஒரு கடமை நிறைவேறாதது மற்றக் கடமையைச் செய்யாதிருக்கக் காரணமாகாது.

அளந்து பார்க்கும் முறை

நல்ல தளத்துக்கு உலகில் ஒரு பொது அளவு உண்டு. கூகுள் நிறுவனம் வகுத்த அளவின்படி, பக்கத்தின் முக்கிய பகுதி 2.5 நொடிக்குள் தோன்ற வேண்டும். அதுவும் சராசரிக் கணக்கில் அன்று. வருகைகளில் நான்கில் மூன்று பங்குக்காவது அப்படியிருத்தல் வேண்டும். சராசரி நம்மை ஏமாற்றும். கொழும்பில் ஒரு நொடியிலும் மடுல்சீமையில் பதினைந்து நொடியிலும் திறக்கும் தளத்தின் சராசரி அழகாகவே தோன்றக்கூடும்.

பாடசாலையின், சங்கத்தின், கூட்டுறவின், பங்கின் இணையத்தளத்தை அமைக்கவிருக்கும் நம் இளைஞர் பின்வருவனவற்றைக் கைக்கொள்வார்களாக:

1. வாசகர் எதற்காக வருகின்றார் என்பதை முதலில் எழுதுக. அதனை முகப்பிலேயே வைக்க, அலங்காரம் பின்னர்.

2. ஒவ்வொரு படத்தையும் சுருக்கிய பின்னரே ஏற்றுக. 100 கிலோபைற்றுக்கு மேற்பட்ட படத்துக்குக் காரணம் கேட்க.

3. பதுக்கு நினைவகத்தையும் சுருக்கி அனுப்பும் வசதியையும் இயக்குக.

4. தேவையற்ற துணைநிரல்களை நீக்குக, எஞ்சியவற்றைப் புதுப்பிக்க.

5. எழுதுபவர், சரிபார்ப்பவர், வெளியிடுபவர் யாவர் என வரையறுக்க.

6. தமிழை யுனிகோட்டில் எழுதுக. மற்ற மொழிகளோடு ஒரே நாளில் வெளியிடுக.

7. காப்புப் பிரதி எடுக்க, மீட்டுப் பார்க்க.

8. தொலைவிலுள்ள தோட்டமொன்றில், பழைய கைத்தொலைபேசியில், மழைநாளில் திறந்து பார்த்த பின்னரே வேலை முடிந்ததெனக் கொள்க.

பெற்றோரே, கணினி கற்கும் உங்கள் பிள்ளையிடம் இப்பாடத்தைக் கொடுத்து வாசிக்கச் செய்யுங்கள். பதுளையிலேயே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருக்கின்றது. கணினிக் கல்வி இனிமேல் எட்டாத கனியன்று. மலையகத்தின் பிள்ளைகள் நாளை பெரிய நிறுவனங்களின் தளங்களை அமைக்கும் இடத்தில் அமர்வர். மேட்டில் ஏறி நின்று சமிக்ஞை தேடியவரின் அவசரம் அவர்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதனைத் தம் தொழிலில் மறவாதிருந்தாற் போதும்.

குடும்பமாகக் கலந்துரையாட:

அ. நீங்கள் அடிக்கடி நாடும் இணையத்தளம் எது? அது உங்கள் வீட்டிலிருந்து திறக்க எத்தனை நொடி ஆகின்றது? மணிக்கூட்டை வைத்து அளந்து பாருங்கள்.

ஆ. அதே தளத்தின் தமிழ்ப் பக்கத்தைத் திறவுங்கள். கடைசியாக வெளியான அறிவித்தல் எந்தத் திகதிக்குரியது? மற்ற மொழிப் பக்கத்திலும் அதே திகதியா?

இ. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117 என்பதை வீட்டிலுள்ள சிறுவர் முதல் முதியோர் வரை அறிவார்களா? இணையம் நின்றுபோகும் இரவுக்காக அதனைச் சுவரில் எழுதி வைத்துள்ளீர்களா?